ரக்ஷனாவின் இரண்டு தோழிகள்

மோகனப்பிரியாவுக்கு அன்று வந்த கோபத்தை யார் தலையில் முதலில் கொட்டுவது என்பதுதான் பிரச்சினை. ஒரு வருடத்துக்கு மேல் காக்க வைத்த ஆஸ்பத்திரி ஒரு பக்கம், புருஷன் அழகேசன் ஒரு பக்கம், அவனுடைய அக்கா வசந்தகுமாரி இன்னொரு பக்கம். வாங்கிக்கட்டிக்கொள்ள ஆளுக்குப் பஞ்சமில்லை. அவளிடம் கொடுப்பதற்கும் குறைவில்லை.

விஷயம் மகள் ரக்ஷனாவைப் பற்றியது. ஆறு வயது. பாலர் பள்ளி ஆசிரியை ஒருநாள் பிரியாவைத் தனியாகக் கூப்பிட்டு, தயங்கித் தயங்கி, "ஆட்டிசமா இருக்கலாம், ஒருதடவை செக் பண்ணிடுங்க" என்றாள். பிரியாவுக்கு அதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, மிக்சி ஓடினால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிகிற பிள்ளை, லிஃப்ட்டைத் தவிர வேறெதைப் பற்றியும் பேசாத பிள்ளை. பெற்றவளுக்குத் தெரியாதா? அதே வாரம் பேட்டையிலிருக்கிற அரசாங்கப் பாலிகிளினிக்குக்கு ஓடினாள். அங்கிருந்த டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் கூத்து.

காத்திருங்கள் என்றார்கள். காத்திருந்தாள். போன் போட்டால் பியானோ வாசித்தார்கள். பியானோ முடிந்து ஒரு குரல் வந்து, "இன்னும் வரிசையிலதான் இருக்கீங்க" என்றது. வரிசை எவ்வளவு நீளம் என்று கேட்டால் அந்தக் குரலுக்கும் தெரியவில்லை. பிரியா செங்காங்கில் ஒரு பல் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து அப்பாயின்ட்மென்ட் போட்டுக் கொடுக்கிறவள். பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவனிடம் அடுத்த வருடம் வா என்று சொன்னால் சும்மா போவானா? மேசையைத் தூக்கிப் போட்டு உடைத்துவிட்டுப் போவான். பிள்ளையைப் பெற்றவர்கள் மட்டும்தான் "தேங்க் யூ" சொல்லி போனை வைக்கிறார்கள்.

தனியார் இடத்தில் காசு கட்டினால் அடுத்த வாரமே பார்க்கிறார்கள். அந்தக் காசு அவர்களிடம் இல்லை. அழகேசனுக்குத் துவாஸில் கப்பல் பட்டறை வேலை. வருகிறது போகிறது, கையில் நிற்பதில்லை. அடுத்த ஜனவரி ரக்ஷனா பிரைமரி ஒன், ஒன்றாம் வகுப்புக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரி அறிக்கை கையில் இருந்தால்தான் அவளுக்கு ஏற்ற பள்ளிக்கு மனுப் போட முடியும். இல்லாவிட்டால் முப்பது பிள்ளைகள் கத்துகிற வகுப்பில், மணியடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிற இந்தப் பிள்ளை போய் உட்கார வேண்டும். மனுப் போடக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தபோதுதான் ஒருவழியாக ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது.

போனார்கள். பரிசோதித்தவள் மிஸ் டெங் என்கிற மனோவியல் நிபுணர். முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள், கண்ணில் தூக்கம் இல்லாத களைப்பு. ரக்ஷனா உள்ளே போய் உட்கார்ந்தாள். மிஸ் டெங்கின் முகத்தை நேராகப் பார்த்தாள். சிரித்தாள். பிரியா நாற்காலியில் நிமிர்ந்தாள். இது யார் பிள்ளை?

"மை நேம் இஸ் ரக்ஷனா. ஐ ஏம் சிக்ஸ் இயர்ஸ் ஓல்ட்" என்றாள் ரக்ஷனா, கணீரென்று. நண்பர்கள் உண்டா என்று கேட்டதற்கு அதே ஆங்கிலத்தில் மளமளவென்று பதில் வந்தது. தோழிகள் மெய் லிங், சாரா. மூன்று பேரும் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். முறை வைத்து ஊஞ்சல் ஆடுவார்கள். சாரா கீழே விழுந்தால், "ஆர் யூ ஓகே?" என்று ரக்ஷனா கேட்பாள்.

மெய் லிங்கா? வகுப்பில் அப்படி ஒரு பிள்ளையே கிடையாதே! இந்தப் பிள்ளைக்குத் தோழி என்று ஒருத்தியும் கிடையாதே! பிரியா வாயைத் திறந்தாள். அழகேசன் அவள் கையைப் பிடித்து அழுத்தினான். "பேசட்டும் விடு, நல்லாத்தானே பேசுறா" என்று காதுக்குள் சொன்னான்.

பிரியா விடவில்லை. வீட்டில் நடப்பதையெல்லாம் சொன்னாள், போனில் எடுத்த வீடியோவைக் காட்டினாள். மிஸ் டெங் பார்த்தாள், தலையாட்டினாள். நிறையப் பிள்ளைகள் வீட்டில் அடம் பிடிக்கும், இவள் முகம் பார்த்துப் பேசுகிறாள், நண்பர்களைப் பற்றிச் சொல்கிறாள், கொஞ்சம் கூச்சம் அவ்வளவுதான், சாதாரணப் பள்ளிக்கே போகட்டும், பிறகு சிரமம் என்றால் பாலிகிளினிக் வழியாக மறுபடியும் வாருங்கள் என்றாள். இதைச் சொல்லிக்கொண்டே கடிகாரத்தையும் பார்த்தாள். வெளியே வரிசை அப்படி. ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தது ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

அழகேசன் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. "தேக்காவுல நல்லா சாப்பிட்டுப் போவோம்" என்று இரண்டு பேரையும் லிட்டில் இந்தியாவுக்கு இழுத்துக்கொண்டு போனான். பஃபலோ ரோட்டில் காய்கறிக் கடை வாசலில் லாரியிலிருந்து வெங்காய மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு தள்ளுவண்டி இரும்புப் பலகையில் தடதடவென்று இறங்கியது. அவ்வளவுதான், ரக்ஷனா தரையில் விழுந்தாள். காலையிலிருந்து உள்ளே அடக்கி வைத்திருந்தது முழுவதும் வெளியே வந்தது. அலறினாள், தன் தலையைத் தானே அடித்துக்கொண்டாள். பிரியா அவள் தலைக்குக் கீழே கையைக் கொடுத்து, அந்த வெங்காயத் தோலிலேயே உட்கார்ந்தாள்.

முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நின்று வேடிக்கை பார்த்தார். "ரெண்டு போட்டா சரியாப் போயிடும்மா. செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க" என்றார்.

"உங்களக் கேட்டாங்களா? முருங்கைக்காய் வாங்க வந்தா வாங்கிட்டுப் போங்க!" என்று பிரியா போட்ட சத்தத்தில் லாரிக்காரன் மூட்டையோடு நின்றுவிட்டான். அந்த அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார்.

வெகுநேரம் கழித்து அலறல் அடங்கியது. ரக்ஷனா அம்மாவின் மடியில் கிடந்தபடி, தொடையில் மூன்று விரலால் தட்டிக்கொண்டே முனகினாள். "மூக்கு பாரு. ஒன், டூ, த்ரீ. சிரி. மூக்கு பாரு. ஒன், டூ, த்ரீ. சிரி." பிறகு கேட்டாள்: "நான் பாஸா? அத்தை வீட்டு லிஃப்ட்?"

பிரியா தலையைத் தூக்கிப் புருஷனைப் பார்த்தாள். அழகேசன் வெங்காய மூட்டையைப் பார்த்தான்.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. சனிக்கிழமை தோறும் பிரியாவுக்கு வேலை. பிள்ளையைத் தோ பாயோவில் வசந்தகுமாரி வீட்டில் விட்டுவிட்டுப் போவாள். வசந்தகுமாரி டியூஷன் டீச்சர். தேர்வில் வாய்மொழிப் பகுதிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதில் தோ பாயோ முழுக்கப் பெயர் எடுத்தவர். ஊமையைக்கூடப் பேச வைப்பார் என்பார்கள். நம் ஊரில்தான் எல்லாவற்றுக்கும் டியூஷன் உண்டே! ஆட்டிசம் பரிசோதனைக்கும் டியூஷன் வைத்துவிட்டார் மகராசி.

"அக்கா நல்லதுக்குத்தான் செஞ்சாங்க..." என்று அழகேசன் ஆரம்பித்தான்.

"வாய மூடுங்க. உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே என் கையப் பிடிச்சு அழுத்துனீங்க." மேலே அவனோடு பேச அவளுக்குத் தெம்பில்லை. தெம்பு வேறிடத்துக்கு வேண்டியிருந்தது.

நேரே தோ பாயோ போனாள். வசந்தகுமாரியின் வீடு நாற்பது மாடிக் கட்டடத்தில். பாஸ் ஆனால் அந்த லிஃப்ட்டில் ஆசை தீர ஏற்றி இறக்குவதாகத்தான் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருந்தார். சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாலைந்து பிள்ளைகள் உட்கார்ந்து ஒரே குரலில் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். பிரியாவைக் கண்டதும் வசந்தகுமாரி முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தார்.

"என்ன பிரியா, பாஸ் பண்ணிட்டாளா? எனக்குத் தெரியும். கண்ணப் பாக்க வரலன்னா மூக்கு மேல பாருன்னு சொல்லிக் குடுத்தேன். மாசக்கணக்கா உயிர விட்டிருக்கேன், தெரியுமா?"

"அண்ணி, அது பரீட்சை இல்ல! பாஸ் பண்றதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல! பிள்ளைக்கு என்ன கஷ்டம்னு பாக்கத்தான் கூப்பிட்டாங்க. நீங்க அந்தக் கஷ்டத்தையெல்லாம் பெயின்ட் அடிச்சு மறைச்சு அனுப்பிட்டீங்க!"

"ஃபைல்ல ஏத்திட்டா அழிக்க முடியாது பிரியா. நாளைக்கு ஸ்கூல், வேலை, கல்யாணம்... நம்ம ஆளுங்க வாய் சும்மா இருக்குமா? இவ கெட்டிக்காரி. சொல்லிக் குடுத்தா பிடிச்சுக்குறா."

"பிடிச்சுக்குறா. அப்புறம் நடுரோட்டுல விழுந்து மண்டைய உடைச்சுக்குறா. இதோ பாருங்க." பிரியா மகளின் நெற்றி முடியை விலக்கிக் காட்டினாள். புடைத்துச் சிவந்திருந்தது. மேசையில் ஒப்பித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நிறுத்திவிட்டார்கள். வசந்தகுமாரி அந்தப் புடைப்பைத் தொடப் போனார், ரக்ஷனா விலகிக்கொண்டாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரீங்க. நீங்க செஞ்சத உங்க வாயால சொல்றீங்க" என்றாள் பிரியா. கேள்வியாகக் கேட்கவில்லை.

மறுநாள் பிரியா, வசந்தகுமாரி, ரக்ஷனா மூவரும் போனார்கள். கவுண்டரில் இருந்த பெண் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஃபைல் க்ளோஸ் பண்ணியாச்சு லா. பாலிகிளினிக் போய் புதுசா ரெஃபரல் வாங்கிட்டு வாங்க" என்றாள். தமிழ்ப்பெண்தான்.

"வாங்கிட்டு வந்தா எப்போ பாப்பீங்க?"

"அது... வரிசையிலதான் மேடம். அடுத்த வருஷம் ஆகலாம்."

"அடுத்த வருஷம் இவ ஸ்கூல்ல உக்காந்து அலறிட்டு இருப்பா. அப்போ பியானோ வாசிப்பீங்களா?" அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம். அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது என்று பிரியாவுக்கும் தெரியும். அவளும் இப்படியொரு மேசைக்குப் பின்னால் உட்காருகிறவள்தானே. ஆனாலும் நகரவில்லை. "மிஸ் டெங்கப் பாக்காம போக மாட்டேன். போலீசக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் அழுத்தமாக உட்கார்ந்தாள்.

"எல்லாரும் பாக்குறாங்க, வா போயிடலாம்" என்றார் வசந்தகுமாரி, புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு.

"பாக்கட்டும். ஒரு வருஷமா யாரும் பாக்கலன்னுதானே வந்திருக்கோம்."

கொஞ்ச நேரத்தில் அறைக் கதவு திறந்தது. அடுத்த பிள்ளையைக் கூப்பிட மிஸ் டெங்கே வெளியே வந்தாள். பிரியா எழுவதற்குள் ரக்ஷனா எழுந்துவிட்டாள். நேரே மிஸ் டெங்கின் முன்னால் போய் நின்றாள். மூக்கைப் பார்த்தாள். தொடையில் மூன்று விரல்கள் தட்டின. சிரித்தாள்.

"மை நேம் இஸ் ரக்ஷனா. ஐ ஏம் சிக்ஸ் இயர்ஸ் ஓல்ட்." யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் நிறுத்தவும் இல்லை. மெய் லிங், சாரா, ஓடிப்பிடித்தல், ஊஞ்சல், சாரா விழுந்தது, ஆர் யூ ஓகே. முந்தின நாள் சொன்ன அதே வாக்கியங்கள், அதே ஏற்ற இறக்கம், மூச்சு விட்ட இடம்கூட அதேதான்.

மிஸ் டெங்கின் சிரிப்பு மெல்ல மறைந்தது. குனிந்து ரக்ஷனாவின் உயரத்துக்கு உட்கார்ந்தாள். சொல்லிக் கொடுக்காத ஒரு கேள்வியைக் கேட்டாள். "மெய் லிங் இப்போ எங்கே இருக்கா?"

ரக்ஷனாவின் விரல்கள் நின்றன. அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். ரக்ஷனாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"பேஜ் ஃபார்ட்டி டூ" என்றாள்.

காத்திருந்தவர்களில் யாரோ சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார்கள். வசந்தகுமாரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். "என் பிராக்டிஸ் புக்குல வர்ற பிள்ளைங்க அது... டாக்டர், நான்தான்... நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்று தமிழும் ஆங்கிலமுமாகக் குழறினார். ஊரையே பேச வைத்தவருக்கு அன்று இரண்டு வாக்கியம் சேர்ந்து வரவில்லை.

மிஸ் டெங் எழுந்தாள். "நேற்று நான் இன்னொரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். மன்னியுங்கள்" என்றாள். கவுண்டர் பெண்ணிடம் அந்த ஃபைலைத் திறக்கச் சொன்னாள். நாள் முழுக்க ஆட்கள் இருப்பதாகவும், மதியம் தன் சாப்பாட்டு நேரத்தில் ரக்ஷனாவை மறுபடி பார்ப்பதாகவும், அறிக்கையை மனுவின் கடைசித் தேதிக்குள் எழுதித் தருவதாகவும் சொன்னாள்.

பிரியா சரி என்றாள். நன்றி சொல்லவில்லை, வாயில் வரவில்லை. ஒரு பிள்ளையை ஒழுங்காகப் பார்ப்பதற்கு இவ்வளவு பெரிய ஊரில் ஒருத்தியின் சாப்பாட்டு நேரம்தானா மிச்சமிருக்கிறது? சுற்றிலும் பார்த்தாள். நாற்காலிக்கு நாற்காலி ஒரு தாய், ஒரு பிள்ளை. இவர்களுக்கெல்லாம் யார் பட்டினி கிடப்பார்கள்? கோபம் தீரவில்லை. இன்னும் கொஞ்சம் கூடத்தான் செய்தது.

ரக்ஷனா அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "நான் பாஸா? லிஃப்ட்?"

வசந்தகுமாரி பிரியாவை நிமிர்ந்து பார்த்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"பாஸ் ஆனாத்தான் லிஃப்ட்டுன்னு இனிமே சொல்லாதீங்க அண்ணி" என்றாள் பிரியா. "மதியம் வரைக்கும் நேரம் இருக்கு. இங்கேயே லிஃப்ட் இருக்கு. போதும் போதும்கிற வரைக்கும் கூட்டிட்டுப் போங்க."

வசந்தகுமாரி எழுந்து பிள்ளையோடு நடந்தார். லிஃப்ட் கதவு திறந்ததும், எப்போதும் எதையாவது சொல்லிக் கொடுக்கிறவர், "எந்த பட்டன்டா அமுக்கணும்?" என்று கேட்டார். ரக்ஷனா சொன்னாள், கதவு மூடுகிற விதம் முதல் மாடிக்கு மாடி வெளிச்சம் மாறுகிற விதம் வரை. சொல்லும்போது அவள் யார் மூக்கையும் பார்க்கவில்லை.