நிறுத்தி வைத்த பின்னூட்டம்

விடிகாலை ஐந்து மணிக்கெல்லாம் அந்தச் சலவை ஆலைக்குள் ஆள் பாதி வெந்துவிடுவான். மருத்துவமனை விரிப்புகளும் விடுதிப் போர்வைகளும் ஈரம் சொட்டச் சொட்டத் தள்ளுவண்டியில் வரும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து உதறி, கொதிக்கிற இரும்பு உருளைக்குக் கொடுக்க வேண்டும். துணி உள்ளே போகலாம், விரல் போகக் கூடாது. அதற்குத்தான் உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி. அதில் கை பட்டால் உருளை நின்றுவிட வேண்டும்.

மூணாம் உருளை நிற்கவில்லை. நேற்றுக் காலை பேனாவின் தங்கைக்கு வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

பேனா என்பது பட்டப்பெயர். பதினாலு வருஷமாக இரண்டாம் உருளையில் நிற்கிற ஆள், ஆலையின் அக்கிரமங்களைத் தன் வலைப்பூவில் எழுதி எழுதி அந்தப் பெயர் வாங்கினான். நன்றாகத்தான் எழுதுவான், குறை சொல்லக் கூடாது. முன்பின் தெரியாதவர்கள்கூடப் படித்துவிட்டுக் கொதித்தார்கள். புகழ்ச்சி யாரைத்தான் விட்டது? வாசகர்களின் பின்னூட்டங்களை அவன் படித்து அனுமதித்தால்தான் பக்கத்தில் வரும். அந்தப் பூட்டின் சாவி அவனிடம் மட்டும்தான் இருந்தது.

இன்று முதலாளி முற்றத்துக்கே வந்துவிட்டார், கையில் ஒரு தாள். கவனக்குறைவால் நேர்ந்த விபத்து, வைத்தியத்துக்கும் வேலைக்கும் ஆலை பொறுப்பில்லை என்றார்.

"கம்பி வேலை செய்யலைங்க," என்றார் கொதிகலன்காரர்.

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க. உங்க ஆளே எழுதியிருக்கான், கேளுங்க." முதலாளி நிதானமாக வாசித்தார். "'வென்றோம். மூணாம் உருளை இனிக் கம்பியைத் தொட்டதும் நிற்கும். எழுத்துக்குப் பணியாத முதலாளி இல்லை.' இது உன் எழுத்துதானே?"

வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்துவிட்டது. ஆமாம் என்றான் பேனா. அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள், கொதிகலன்காரர் மட்டும் தரையைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அவன் எழுதியதைப் பார்த்து ஆலை கம்பியைப் பழுது பார்த்ததும் போட்ட பதிவு அந்த 'வென்றோம்'. அது வந்த மூன்றாம் நாளே கொதிகலன்காரர் ஒரு பின்னூட்டம் போட்டிருந்தார். 'கம்பியத் தொட்டா மறுபடி உருளை நிக்கல தம்பி. நான் பாத்தேன். பதிவ மாத்துப்பா.' பதிவின் கீழே அதற்குள் வெளிநாட்டு வாசகர்களின் வாழ்த்துகள் வரிசை கட்டி நின்றன. இது நடுவில் வந்தால் அசிங்கமாயிற்றே என்று பேனா நிறுத்தி வைத்தான். நேரில் பார்த்து உறுதி செய்துகொண்டு புதுப் பதிவாகவே போடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். பத்தடி தூரம்தான் மூணாம் உருளை, ஆனால் ஒன்பது நாளாகப் போய்ப் பார்க்கவில்லை.

மதியம் மருத்துவமனையில் தங்கை கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்துப் படுத்திருந்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அவள்தான் அவனுக்கு ஆறுதல் சொன்னாள்.

"நீ எழுதியிருந்தியே அண்ணா, கம்பி சரியாயிடுச்சுன்னு. அதான் தைரியமா அந்த உருளைக்கு மாறினேன்."

அவள் குத்திக்காட்டவில்லை, நடந்ததைச் சொன்னாள். அவனுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. வெளி வராந்தாவில் உட்கார்ந்து கைபேசியைத் திறந்தான். பதிவை அழிக்க ஒரு தட்டு, பின்னூட்டத்தை அழிக்க இன்னொரு தட்டு. ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. ஆனால் விபத்துக்கு ஒன்பது நாள் முன்பே கம்பி கெட்டிருந்தது என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே எழுத்துச் சாட்சி அதுதான். அவளைக் காப்பாற்ற வேண்டுமானால் அவன் மானம் கப்பலேற வேண்டும்.

மறுநாள் விடியலில், உடைமாற்றும் அறை பெஞ்சில், எல்லார் முன்னாலும் கைபேசியை நீட்டினான். நிறுத்தி வைத்தது நான்தான் என்றான். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மடிப்புப் பிரிவு அக்காதான் கடைசியில் பேசினாள். போன மாதம் அவள் தொழிலாளிகள் எல்லாரும் சேர்ந்து எழுதித் திருத்துகிற விக்கி ஒன்றை இணையத்தில் தொடங்கி அவனையும் கூப்பிட்டிருந்தாள். ஆளுக்காள் திருத்தினால் அது எழுத்தா, சுவர்க் கிறுக்கலா என்று அன்றைக்குச் சிரித்தவன் இவன்.

"உங்க வலைப்பூவைக் குறை சொல்லலை. ஊருக்குக் கோபம் வரணும்னா ஒருத்தர் குரல் வேணும்," என்றாள். "ஆனா எந்தக் கம்பி எப்போ கெட்டுச்சுன்னு ஒருத்தர் கண்ணால மட்டும் பாத்துச் சொல்ல முடியாது. இங்க தப்பா இருந்தா பாத்தவங்களே திருத்தலாம், யார்கிட்டயும் கேட்க வேணாம். விரிப்பை ஒத்தையாளா மடிக்க முடியுமா?"

மேற்பார்வையாளன் நுழைந்து அழித்துவிட்டால் என்று ஒருவர் கேட்டார். வரலாறு என்றொரு பக்கம் இருக்கிறது, யார் எதை எப்போது மாற்றினாலும் அதில் நிற்கும், அழித்ததை மீட்டுவிடலாம் என்றாள்.

பேனாவின் கைபேசியிலேயே 'மூணாம் உருளை' என்று விக்கியில் புதுப் பக்கம் திறந்து அவனிடம் கொடுத்தாள். அவன் பின்னூட்டத்தைத் தேதியோடு போட்டான். அதன் கீழே, 'இது ஒன்பது நாள் வெளியே வராமல் போனது' என்று எழுதினான். எழுதியதைப் பார்த்தான். இதிலும் ஒளிகிறானே, வெட்கம் கெட்டவன்! அழித்துவிட்டு, 'இதை ஒன்பது நாள் மறைத்தது நான்' என்று எழுதித் தன் பெயரைப் போட்டான். முதலில் எழுதியதும் வரலாற்றில் அப்படியே நின்றது. நிற்கட்டும் என்று விட்டுவிட்டான்.

கொதிகலன்காரர் தன் கைபேசியை எடுத்து ஒரு வரி சேர்த்தார். 'நேர்ல சொல்லாம விட்டது நான்.' அப்புறம் ஒவ்வொருவராகத் தங்கள் கைபேசியை எடுத்தார்கள். நானும் பார்த்தேன், வேலை போய்விடும் என்று பேசாமல் இருந்தேன். ஐந்தாம் உருளையும் கம்பியைத் தொட்டால் நிற்பதில்லை, தேதி இது. அவமானத்தைப் பங்குபோட்டதும் எடை குறைந்தது, இல்லாமல் போகவில்லை.

சங்கு ஊதியது. மூணாம் உருளைக்கும் ஐந்தாம் உருளைக்கும் வண்டி தள்ள ஒருவரும் எழவில்லை. முதலாளி வந்து நின்றார், நீட்டிய கைபேசியில் பக்கத்தைப் பார்த்தார், யார் இதை எழுதியது என்றார்.

"வரலாற்றுப் பக்கத்துல பேர் இருக்குங்க," என்றான் பேனா. "முதல் பேர் என்னுது."

இரண்டாவது என்னுடையது என்றார் கொதிகலன்காரர். மடிப்பு அக்கா மூன்றாவதாக எழுந்து நின்றாள். முதலாளி போலீசைக் கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கூப்பிடவும் கூடும்.

அப்போது பேனாவின் கைபேசி அதிர்ந்தது. பக்கத்தில் யாரோ ஒரு திருத்தம் செய்திருந்தார்கள். எழுத்துப் பிழைகளோடு, இடது கையால் தட்டிய வரி: 'கம்பி வேலை செய்யுதுன்னு நம்பி கை வெச்சது நான். சரி பண்ற வரைக்கும் வேற யாரும் வெக்காதீங்க.' கீழே தங்கையின் பெயர். அவன் அதை எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டினான், குரல் உடைந்தது. மறைக்கவில்லை.