ஏபிள் அண்ணனின் மாடி வீடு

பாத்திரக் கடையில் அவருக்கு ஏபிள் அண்ணன் என்றுதான் பெயர். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் அந்த வாலோடுதான் முடியும். தட்டைத் தரையில் ஓங்கி அடித்து, "அன்பிரேக்கபிள்!" என்பார். விலையைக் கேட்டு யாராவது வாயைப் பிளந்தால், "அன்பிலீவபிள்!" பெருமூச்சு விட்டால், "அன்அவாய்டபிள்!" எல்லாம் வீட்டில் மனைவி சொல்லிக்கொடுத்தது. அர்த்தத்தை யார் கண்டார்? முகத்தைப் பார்ப்பார், பொருத்தமாக ஒன்றை எடுத்து விடுவார். சிரித்த முகத்துக்கு 'இன்கம்பேரபிள்', கடுகடுத்த முகத்துக்கு 'அன்அக்செப்டபிள்', அதாவது நானும் உங்க கட்சிதான் என்று. இந்த வித்தையில் மனுஷன் ஒரு தடவைகூட மாட்டியதில்லை.

இப்போது மேனேஜர் வேலை காலி. வேலையோடு கடைக்கு மேலே மாடி வீடும் உண்டு. அண்ணன் குடியிருந்ததோ ஒற்றை அறை. கட்டிலை விரித்தால் சமையலறைக் கதவு திறக்காது. தாகம் எடுத்தால் இரண்டு பேரும் எழுந்து கட்டிலை மடக்க வேண்டும். என்ன பிழைப்பு இது! அதனால் அண்ணி, வேலை கிடைக்கும் முன்பே மாடி ஜன்னல்களுக்குத் திரைச்சீலை தைத்து மடித்து வைத்துவிட்டார்.

"இது மட்டும் கிடைக்கலேன்னா நீங்க கட்டில்ல, நான் சமையலறையில. கதவு மூடியே இருக்கட்டும்" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

கடையைப் புதிதாக வாங்கியிருந்த முதலாளியம்மாவுக்கு, மேனேஜர் என்றால் இங்கிலீஷ் பேச வேண்டும். இன்டர்வியூவும் இங்கிலீஷில்தான். அவர் புருவத்தை உயர்த்தி ஏதோ கேட்டார். "அன்பிலீவபிள்!" என்றார் அண்ணன். பெருமூச்சோடு ஏதோ கேட்டார். "அன்அவாய்டபிள்!" முதலாளியம்மா தலையாட்டினார். அண்ணனுக்குத் தெம்பு வந்துவிட்டது.

கடைசியாக முதலாளியம்மா, கன்னத்தில் கையை வைத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். இப்படி ஒரு மூஞ்சியோடு யாராவது நல்ல சேதி சொல்வார்களா? அண்ணனும் முகத்தைச் சுளித்துக்கொண்டு மேஜையைத் தட்டினார்.

"அன்அக்செப்டபிள்!"

முதலாளியம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தமிழ் தானாக வந்தது. "என்னங்க இது! வேலையும் உங்களுக்குத்தான், மாடி வீடும் உங்களுக்குத்தான்னு சொல்றேன். ஏத்துக்க முடியாதுங்கறீங்க! அப்படி என்ன குறை?"

அய்யய்யோ! இங்கிலீஷ் தெரியாது என்றால் வேலை போச்சு. தெரிந்துதான் சொன்னேன் என்றால் வீடு போச்சு. அண்ணன் வாயில் வந்ததை உளறினார்.

"ஜன்னல்ல... திரைச்சீலைக் கம்பி இல்லையேம்மா."

"இவ்வளவுதானா? போட்டுத் தரச் சொல்றேன். எனக்குப் பல் வலி உயிரை எடுக்குது. நாளைக்கு வந்து சாவியை வாங்கிக்குங்க."

வீட்டில் நடந்ததைக் கேட்டு அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். "கம்பியா கேட்டீங்க? அங்க குழாய் ஒழுகுதே, அதைக் கேக்கத் தோணலையா? நீங்க இன்க்யூரபிள்!"

எந்த மருந்துக்கும் தீராத கேஸ் என்று அர்த்தம். அண்ணன் அர்த்தத்தையா கேட்டார்? சிரித்த முகத்துக்குப் புதுசாக ஒன்று கிடைத்ததே என்று பத்திரப்படுத்திக்கொண்டார்.

மறுநாள் முதலாளியம்மா பல் டாக்டரிடம் போய்விட்டு நேராகக் கடைக்கு வந்தார். வலி விட்ட சந்தோஷத்தில் முகமெல்லாம் சிரிப்பு. ஒரு கையால் சாவியை நீட்டிக்கொண்டே, வாயைத் திறந்து டாக்டர் அடைத்த பல்லைக் காட்டி, இங்கிலீஷில் என்னவோ கேட்டார்.

"இன்க்யூரபிள்!" என்றார் அண்ணன், வாயெல்லாம் பல்லாக.

நீட்டிய கை சாவியோடு அப்படியே திரும்பிக் கன்னத்துக்குப் போனது.

அந்தத் திரைச்சீலை இப்போது சமையலறைக் கதவில் தொங்குகிறது, அண்ணி இருக்கும் பக்கமாக.