வாசலில் அள்ளாத பனி

கிளீவ்லாந்தில் மார்ச் மாதத்து விடியல் எலும்பைக் குடையும். வங்கி பறித்த வீடொன்றை ஆறு மணிக்கே காலி செய்துகொண்டிருந்தோம். மின்சாரம் வெட்டிய ஃபிரிட்ஜுக்குள் இறைச்சி அழுகி நாறியது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஓட்டிஸும் நானும் அதைப் படியிறக்கினோம். பூட்டைத் துளைப்பது தார்லீனின் வேலை. எட்டு மாதத்தில் முந்நூறு கதவுகள். கார் தொழிற்சாலை மூடியபின் எங்களுக்கு வாய்த்தது இதுதான். தூ, இதுவும் ஒரு பிழைப்பு! அதிலும் போன வாரம் கூலியை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டான் முதலாளி பிரஸ்டன்.

வண்டியில் உட்கார்ந்தபடியே அவன் அடுத்த முகவரியை நீட்டினான். வாங்கிப் பார்த்த தார்லீனின் முகம் வெளுத்தது.

"இது என் வீடு."

"விளையாடாதே. ஆளில்லாத வீடுன்னு போட்டிருக்கு."

"என் புருஷன் உள்ள படுத்திருக்காருய்யா!"

போய்ப் பார்த்தோம். வாசலில் முழங்காலளவு பனி அள்ளாமல் கிடந்தது. வங்கியின் ஆள் காரை விட்டு இறங்காமலே அதைப் பார்த்து 'காலி' என்று எழுதியிருக்கிறான். நுரையீரல் கெட்ட அவள் புருஷன் ஸ்டானால் பனி அள்ள முடியாது. தார்லீனோ இருட்டிலேயே கிளம்பி ஊரார் வீடுகளைக் காலி செய்யப் போகிறவள்.

"அரசாங்கம் கடனைக் குறைக்குதுன்னாங்க," என்றாள் தார்லீன். "பாங்குல கேட்டா, 'ஒழுங்கா கட்டுறவங்களுக்குக் கிடையாது, மூணு மாசம் கட்டாம விடுங்க'ன்னான். கையில காசை வச்சுக்கிட்டே கட்டாம விட்டேன். ஏல நோட்டீஸ் வந்தப்போ, 'அது வேற பிரிவு, கண்டுக்காதீங்க'ன்னான். நம்பிட்டேனே, பாவி!"

அதே வங்கி கவிழ்ந்தபோது எங்கள் வரிப்பணத்தைக் கொட்டித்தான் அரசு தூக்கி நிறுத்தியது. வங்கிகளைச் சீர்திருத்தப் போவதாக ரேடியோவில் தினமும் முழக்கம் வேறு.

"காலி வீட்டுப் படம் பத்து மணிக்குள்ள போகணும்," என்றான் பிரஸ்டன். "துளை. உன்னால முடியலேன்னா தெருவுல நூறு பேர் நிக்கிறான்."

"கூப்பிடேன்," என்றான் ஓட்டிஸ். "அதுல பாதிப் பேர் வீட்டை நாமதான் காலி பண்ணினோம். ஆசையா வருவாங்க."

"வேலை போயிடும்டா."

"போகட்டும். இந்தக் கதவை எவனும் தொடமாட்டான்."

தார்லீன் துளைக்கருவியை பிரஸ்டனின் காலடியில் வைத்தாள். ஓட்டிஸ் வண்டியிலிருந்த பனிவாரியை எடுத்து வாசலை அள்ளத் தொடங்கினான். நானும் சேர்ந்தேன். சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரி தன் வாரியோடு வந்தாள். பின்னாலேயே இன்னும் நாலு பேர். பிரஸ்டன் எங்களைத் திட்டியபடி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

ஸ்டானை நாற்காலியோடு தூக்கிவந்து வாசலில் உட்காரவைத்து, சுற்றி நின்று படம் எடுத்தோம். பத்து மணிக்கு முன்பே வங்கிக்கு அனுப்பினேன்.

வேலை போய்விட்டது. நாளையே ஷெரீஃப் போலீஸோடு வந்து வெளியேற்றலாம். மத்தியானம் மறுபடி பனி கொட்டத் தொடங்கியது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. முறை வைத்து அள்ளிக்கொண்டிருந்தோம்.