கீழறையில் சிலிண்டர் இல்லை

1
இந்தக் கதை என்னிடம் கேட்டு வாங்கப்பட்டது. கேட்டவர், வேலை செய்யும் இடங்களில் ஒட்டப் பாதுகாப்புச் சுவரொட்டி அடிப்பவர். "கடைசியில வெடிக்கணும் சார். ஒரு உயிராவது போகணும். இல்லேன்னா எவனும் திருந்த மாட்டான்" என்றார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

2
முதல் தொடக்கம்: அன்று காலை உணவகத்தின் கீழறையில் லேசான வாடை…
(வேண்டாம். வாடை வந்தால் வெடித்துத்தான் ஆக வேண்டும்.)

இரண்டாம் தொடக்கம்: உணவகத்தின் பின்பக்கம், வெட்டவெளியில், கம்பிக் கூண்டுக்குள் ஆறு சமையல் கேஸ் சிலிண்டர்கள் நிமிர்ந்து நின்றன. வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் அவை அங்கே நிற்கும். சோதனைக்கு அதிகாரி வரும் நாள். அவர் பார்ப்பார், தலையசைப்பார், போவார். அவருடைய வண்டி முனை திரும்பியதும் ஆறும் கீழறைக்கு இறங்கிவிடும். கூண்டில் முதலாளியின் பைக் ஏறிவிடும், வெயில் படாமல்.

அந்தக் கீழறைக்கு ஜன்னல் கிடையாது. அங்கே உட்கார்ந்துதான் சமையல்கார அக்காவின் தங்கை காய் நறுக்குகிறாள்.

(ஒரு குறிப்பு: இந்த வாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்புறம் சுவிட்சில் தெறிக்கும் ஒரு பொறி போதும்.)

3
இந்த முறை அதிகாரி போனதும் அக்கா தன் வீட்டுப் பூட்டைக் கொண்டுவந்து கூண்டில் மாட்டினாள்.

"சாவி எங்கம்மா?" என்றார் முதலாளி.

"எங்கிட்டதான் இருக்கு."

"குடு. கீழ எறக்கணும்."

"என் தங்கச்சி உக்கார்ற எடத்துல இத வைக்க விட மாட்டேன். பைக்குக்கு வேற எடம் பாருங்க."

"உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும். செய்யறதுக்கு உசிரும் வேணும்ல?"

(அக்கா வீட்டில் சம்பாதிப்பது அவளும் தங்கையும்தான். இவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வரும் என்று எனக்கே சந்தேகம் வந்தது. 'அக்கா தலைகுனிந்து சாவியை நீட்…' என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். நீட்டியது அவள் கையில்லை, என் கை.)

4
இதுவரை எழுதியதை அனுப்பினேன்; படித்துவிட்டுச் சுவரொட்டிக்காரர் போன் செய்தார். "வெடி எங்க சார்?" முடிவையும் அவரே சொன்னார்: முதலாளி பூட்டை உடைக்கிறார், சிலிண்டர் இறங்குகிறது, மறுநாள் தங்கை வந்து விளக்கைப் போடுகிறாள்.

நன்றாகத்தான் இருக்கிறது. படிப்பவர்களுக்குக் கண்ணீரும் வரும். ஆனால் எழுத மாட்டேன். ஒரு பெண்ணைக் கொளுத்தித்தான் நாலு பேருக்குப் புத்தி சொல்ல வேண்டுமென்றால், அந்தப் புத்தி நாசமாய்ப் போகட்டும். என் கதையில் கீழறையில் இருப்பது காய்கறியும் தங்கையும்தான். வெடி வேண்டும் என்பவர் சிலிண்டரை அவரே தூக்கிக்கொண்டு வரட்டும். சாவி அக்காவின் இடுப்பில் இருக்கிறது. முடிந்தால் வாங்கிக்கொள்ளட்டும்.

5
முதலாளி பூட்டை உடைப்பாரா? எனக்குத் தெரியாது. நீங்கள் வேலை செய்யும் இடத்திலும் ஒரு கீழறை இருக்கும். போய்ப் பாருங்கள். கதவைத் திறந்ததும் வாடை வந்தால், தயவுசெய்து விளக்கைப் போடாதீர்கள்.