தரையோடு நகர்ந்த நிழல்

செடிப் பண்ணையில் மண் அள்ள அக்காவும் தங்கையும் ஒரு சின்ன பெட்ரோல் லோடர் வைத்திருந்தார்கள். கிளம்புவதற்கு அடம் பிடிப்பதால் அதற்கு எருமை என்று பெயர். அன்று அது இருமி இருமி நின்றது. பெட்ரோல் குழாய் வெடிப்பு விட்டிருக்கிறது, மாற்றிவிடலாம் என்றாள் அக்கா. வண்டி வேலை அவள் பொறுப்பு.

வழக்கமாக வெட்டவெளியில்தான் செய்வாள். மழை பிடித்துக்கொண்டதால் கொட்டகைக்குள் நிறுத்தினாள். இன்ஜின் ஆறும்வரை பொறுத்திருந்து, பேட்டரி ஒயரைக் கழற்றி, டேங்கின் வால்வை மூடிவிட்டுக் குழாயை உருவினாள். வால்வு சரியாகப் பிடிக்கவில்லை. ரப்பர் மூடியால் அவள் அடைப்பதற்குள் ஒரு டம்ளர் பெட்ரோல் சிமெண்ட் தரையில் கொட்டிவிட்டது.

தங்கை கொட்டகையின் மறுகோடியில் டீ போடப் போயிருந்தாள். அங்கே தரையிலேயே ஒரு கேஸ் அடுப்பு. அவ்வளவு தள்ளி இருக்கிறதே என்று இருவருமே அசட்டையாக இருந்துவிட்டார்கள்.

மழை விட்டு, ஜன்னல் வழியே வெயில் சாய்வாக விழுந்தது. அப்போதுதான் அக்கா அதைப் பார்த்தாள். கொட்டிய இடத்திலிருந்து ஒரு நிழல் தரையோடு தரையாக நெளிந்து போய்க்கொண்டிருந்தது. நிறமில்லை, புகையில்லை. தெளிந்த ஓடையின் அடியில் வெயில் அசைவதுபோல இருந்தது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அதைக் கண்ணால் கண்டதில்லை. அவசரமே இல்லாமல், தரையின் சரிவில் இறங்கி, அது அடுப்பை நோக்கிப் போனது.

தங்கையின் கையில் லைட்டர் இருந்தது.

"அத அழுத்தாதடி. அப்படியே கைல வச்சுக்கிட்டு வெளிய போ."

குரல் உயரவில்லை. அதுவே தங்கையைக் கதிகலங்க வைத்தது. நாற்றம் போக ஃபேன் போடட்டுமா என்று சுவிட்சுப் பக்கம் திரும்பினாள்.

"சுவிட்சையும் தொடாத. பெரிய கதவத் திற, போதும்."

கதவைத் திறந்துவிட்டு, இருவரும் வெளியே எட்டப்போய் நின்று பார்த்தார்கள். வெளிக்காற்று உள்ளே புகுந்ததும் அந்த நிழல் தயங்கித் திரும்பியது. வாசற்படியைத் தாண்டி வழிந்து, வெயிலில் பிரிந்து பிரிந்து, இல்லாமல் போனது.

"இத்தன வருசமா இது நம்ம காலடியிலயே நடமாடிட்டு இருந்துச்சாக்கா?" என்று மெல்லக் கேட்டாள் தங்கை.

நாற்றம் சுத்தமாக விலகிய பிறகே உள்ளே போனார்கள். ஈரத்தின் மேல் மணல் போட்டு அள்ளி வெளியே கொட்டினார்கள். லோடரை வெட்டவெளிக்குத் தள்ளிவந்து, டேங்கைக் கேனில் வடித்து, வால்வு, குழாய், ஃபில்டர் மூன்றையும் மாற்றினாள் அக்கா. மறுபடி பெட்ரோல் ஊற்றி, இணைப்புகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை என்று தெரிந்த பிறகே பேட்டரி ஒயரை மாட்டினாள்.

அடுப்பைத் தங்கை தானே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். இனி டீ வேண்டுமென்றால் நடந்து வந்து குடி என்று சொல்லிவிட்டாள்.