'மாறாதது' என்று குறியிட்ட புள்ளி

1.
இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, தலையில் கட்டப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் கரூ வறள்வெளியில் இருக்கும் எங்கள் ரேடியோ தொலைநோக்கி நிலையத்துக்கு வியாழக்கிழமை அமைச்சர் வருகிறார், இரண்டு பக்கம் எழுது என்றார் பேராசிரியர் மல்ஹெர்ப். தலைப்பையும் அவரே தந்தார்: 'துடிக்கும் விண்மண்டலம்'. விருந்துக்கு ஆறு ஆடுகளை வெட்டியாகிவிட்டது. ஆகவே கண்டுபிடிப்பும் உறுதியாகிவிட்டது.

2.
'ஆதியில் ஒரு துடிப்பு' (கோடு போட்டு அடித்துவிட்டேன்.)

'நாலே மாதத்தில் ஒரு மாபெரும் விண்மண்டலம் கால் பங்கு மங்கி, நம்மை நோக்கி…'

இதற்கு மேல் ஓடவில்லை. காரணம் வலென்சியா ப்யூகஸ், தொலைநோக்கித் தரவுகளைச் சுத்தம் செய்பவள். அவளுடைய ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. நீட்டிக்கக் கையெழுத்திட வேண்டியவர் மல்ஹெர்ப். அவளைக் கொஞ்சம் மந்தமாகப் படைத்திருந்தால் இந்நேரம் தூங்கப் போயிருப்பேன்.

3.
புதன்கிழமை அவள் சொன்னது இதுதான். விண்மண்டலத்தின் மையம் மங்கலாம், தப்பில்லை. ஆனால் இருபுறமும் இறக்கைபோல் விரிந்துகிடக்கும் வாயு மடல்களும் அதே கால் பங்கு மங்கியிருக்கின்றன. ஒரு மடலைக் கடக்க ஒளிக்கே மூன்று லட்சம் ஆண்டு வேண்டும். அது நாலு மாதத்தில் சொல்லிவைத்தாற்போல் மங்குமா?

பேராசிரியர் ரஸ்க்கைக் காபியில் நனைத்தார்.

"வானத்துக்கே சட்டம் பேசுறியாம்மா?"

"வானத்துக்கு இல்ல புரொபசர். வானத்துல நாம எந்தப் புள்ளிய ஒப்பிட்டு அளக்குறோமோ, அது முன்னவிடப் பிரகாசமாயிடுச்சு. அதனால மத்ததெல்லாம் மங்குனாப்ல தெரியுது."

"அது மாறாததுன்னு பட்டியல்லயே குறி போட்டிருக்கே."

"குறி போட்டாங்க. அப்புறம் யாரு பாத்தா?"

"ஆடு வெட்டியாச்சும்மா," என்றார் அவர்.

நானும் ஒரு ரஸ்க்கை எடுத்துக்கொண்டேன்.

(அடிக்குறிப்பு: வேற்று அலைகளைக் கேட்டுத் தொலைநோக்கி ஏமாந்துவிடக் கூடாதென்று வருகிறவர்களின் கைபேசிகளை வாசலிலேயே வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டுகிறோம். பட்டியல்களுக்குப் பெட்டி இல்லை.)

4.
முடிவு அ: மேடையில் உண்மையைச் சொல்கிறாள். அமைச்சர் கைதட்டுகிறார், அவர் எதற்கும் தட்டுவார். ஜூனில் வீட்டுக்குப் போகிறாள்.

முடிவு ஆ: சொல்வதில்லை. ஒப்பந்தம் நீள்கிறது. மூன்றே வாரத்தில் வெளிநாட்டில் எவரோ பிழையைப் பிடிக்கிறார்கள். தரவைச் சுத்தம் செய்தது யார் என்று கேட்கிறார்கள்.

முடிவு இ: இதை எழுதத்தான் அலுப்பாக இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அந்தப் புள்ளிக்கு எதிரே 'மாறாதது' என்று குறியிட்டவன் நான். ஒருமுறை பார்த்தேன், மறுமுறை பார்க்கவில்லை. அவள் கேட்டபோதும் சொல்லவில்லை. பேராசிரியரைப் பார்த்து என்னோடு சேர்ந்து சிரித்த உங்களிடமும்தான்.

5.
வியாழன், காலை பதினொன்று. வலென்சியாவின் பெயரை அழைக்கிறார்கள். அவள் கையில் இரண்டு வரைபடங்கள். என் சட்டைப்பையில் பழைய பட்டியல், என் கையெழுத்தோடு. மேடைக்குப் போக என் நாற்காலியைத் தாண்டித்தான் போயாக வேண்டும். முழங்காலை ஒதுக்கி வழிவிட்டிருக்கிறேன்.

நான் இன்னும் எழுந்திருக்கவில்லை. என்னை எழுப்பி முடிவை எழுதுவதானால் நீங்கள்தான்