பிள்ளை பெறாதவளின் பால்

மூன்றாம் தடவையும் சட்டை நனைந்துவிட்டது. உள்ளே மடித்து வைத்திருந்த கைக்குட்டையையும் மீறி ஈரம் மேல்கோட்டில் தெரிந்தது. ஒரகடத்தில் போன் பாகம் பூட்டும் லைனில் நின்றபடியே சந்தனமாரி முழங்கையால் மார்பை மறைத்துக்கொண்டாள். வயது இருபத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. எவனோடும் ஒரு டீ கூடக் குடித்ததில்லை. ஆனால் பால் வருகிறது.

ஆறு மாதமாக உடம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை. ஏசிக் குளிரில் மற்றவர்கள் சும்மா நிற்க, இவளுக்கு மட்டும் பல் கிட்டியது. நின்றுகொண்டே தூங்கினாள். முகம் ஊதியது, மாதவிலக்கு நின்றது. மண்ணூர் ஹாஸ்டலின் வார்டன் முனியம்மாள், துவைக்கப் போட்ட உள்ளாடையைப் பார்த்துவிட்டு, மருந்துக் கடையிலிருந்து கர்ப்பச் சோதனை அட்டை வாங்கி வந்து நீட்டினாள். ஒரே கோடுதான் விழுந்தது, கர்ப்பம் இல்லை. அதில் முனியம்மாளின் பயம் தீரவில்லை, இன்னும் பெரிதானது.

"வயித்துல இல்லன்னா பொறந்துட்ச்சுன்னு அர்த்தம். கொயந்தய இன்னாடி பண்ணே?"

முனியம்மாள் கெட்டவள் இல்லை. நாளைக்கு எந்தக் குப்பைமேட்டிலாவது பிள்ளை கிடந்து போலீஸ் வந்தால் தன் தலைதான் உருளும் என்று நடுங்கினாள். நடுக்கத்தில் சங்கரன்கோவில் பக்கம் இருந்த சந்தனமாரியின் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டாள். அண்ணன் வானமாமலை உடனே பஸ் ஏறினான். போன வருஷம் பக்கத்துத் தெருப் பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்தபோது, நம்ம வீட்டில் என்றால் கிணறுதான் என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னவன் அவன்.

அவன் வருவதற்குள் ரூம்காரி சுகப்பிரியா இவளைத் தண்டலத்து டாக்டர் ரஞ்சனியிடம் இழுத்துப் போனாள். காலையில் ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் டாக்டர் காகிதத்தை வைத்துக்கொண்டு விளக்கினார். மூளையில் டி.ஆர்.எச். என்று ஒரு ஹார்மோன் ஊறுகிறது. கழுத்திலிருக்கும் தைராய்டை வேலை வாங்க அதுதான் முதல் உத்தரவு. இவளுடைய தைராய்டு படுத்துவிட்டது. வேலை நடக்கவில்லையே என்று மூளை மேலும் மேலும் டி.ஆர்.எச்.சைக் கொட்டுகிறது. அது பால் சுரப்பையும் சேர்த்துக் கிளப்பிவிட்டது. டார்கெட் வரவில்லை என்று சூப்பர்வைசர் கத்தினால் பக்கத்து லைன்காரியும் பயந்துபோய் வேகவேகமாகப் பூட்டுவாள். அப்படித்தான் என்று சந்தனமாரி புரிந்துகொண்டாள்.

வார்டனிடம் விசாரித்துக்கொண்டு வானமாமலை நேரே அங்கே வந்துவிட்டான். உட்காரவில்லை. டாக்டர் சொன்னதையெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"இவ பிள்ள பெறலன்னு எழுதித் தாங்க."

ரத்தத்தில் உள்ளதைத்தான் எழுத முடியும் என்றார் டாக்டர். தினமும் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் பால் நின்றுவிடும் என்றார்.

"அப்ப வீட்ல வச்சுப் போட்டுக்கிடுதோம். ஏட்டி, கெளம்பு."

வீடு என்ற சொல்லில் அவளுக்கு அந்தக் கிணற்றுப் பேச்சு ஞாபகம் வந்தது. நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வரலண்ணே. இது நிக்கட்டும். பொறவு வாரேன்."

பிறந்ததிலிருந்து அவனிடம் அவள் மறுத்துப் பேசியதில்லை. அவன் கண் அவள் சட்டை ஈரத்தில் பட்டுத் திரும்பியது.

எத்தனை மாதம் ஆகும் என்று டாக்டரிடம் கேட்டான். மூன்று நான்கு ஆகலாம் என்றார்.

"அதுவரைக்கும் நானும் இங்கனதான் இருப்பேன்."

சொல்லிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்து, வாசலை அடைத்துப் போட்டு உட்கார்ந்தான்.